உப்பு மில்லில் திறப்பு விழா

மூடிக் கிடந்த உப்பு மில்லைச் சுனாமிக்கு மறுவருஷம் முதலாளி மகன் கௌதமன் கலைக்கூடம் ஆக்கிவிட்டான். திறப்பு விழாவுக்கு, அங்கே உப்பு மூட்டை பிடித்த பெண்களான எங்களையும் கூப்பிட்டிருந்தான்.

"இந்தச் செவுரெல்லாம் உங்க வேர்வையில எழும்புனதுங்க" என்று மைக்கில் உருகினான். உப்பு அரித்த அந்தச் சுவரை வந்தவர்கள் தடவித் தடவி ரசித்தார்கள். அதே உப்பு எங்கள் காலை அரித்தபோது ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

மில் ஓடிய காலத்தில் வேலை முடியும்வரை நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒதுங்க மறைவு கிடையாது; சுற்றிலும் வெட்டவெளி உப்பளம். திறப்பு விழா அன்றைக்கு நானும் மேரிசெல்வியும் வேண்டுமென்றே வயிறு முட்ட ஜூஸ் குடித்தோம். பிறகு, முன்பு மூட்டை அடுக்கிய மூலையில் நீல டைல்ஸ் போட்டுக் கட்டியிருந்த பாத்ரூமுக்குப் போய், நிதானமாக வெளியே வந்தோம்.

கௌதமன் பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே வந்தான். "எல்லாம் பாத்தீங்களா? எது புடிச்சிருக்குது?"

"கக்கூஸுதாங்க" என்றாள் மேரிசெல்வி. "இதைத்தான் உங்கப்பாகிட்ட வருஷக்கணக்கா கேட்டோம். இம்மாம் பெரிய மில்லுல எடமே இல்லன்னு சொல்லிட்டாரு."