ஒப்பிட உட்கார்ந்த கண்

"நம்ம குடும்பத்துல சர்க்கரை கிடையாது" என்று பெரியவர் சொன்னால் அது பத்திரத்தில் குத்திய முத்திரை. முப்பது வருடம் நிலம் அளந்தவர். அவர் போட்ட கோட்டை யாரும் அடித்துத் திருத்தியதில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் நிமிர்ந்து உட்கார்ந்து இதையே சொன்னார். அன்று காலையில்தான், பழைய அளவு நாடாவின் தோலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருந்தார். ஒன்பது வருடமாயிற்று. மகள் வாழப் போய்விட்டாள். மாத்திரை மட்டும் இன்னும் உறையை விட்டு வெளியே வரவில்லை.

இன்று தம்பிக்குத் துணையாகக் கண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தார். தம்பி பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். போன மாதம் பிரேக்கில் கால் படவில்லை என்பது தெரியாமல், பேருந்தைப் பள்ளிக் கதவில் கொண்டுபோய் மோதினான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது. சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"கால் மரத்துப்போச்சுன்னா கண்ணைப் பாக்குறீங்க. தலை வலிச்சா முட்டியைப் பாப்பீங்களா?" என்றான் தம்பி.

படம் எடுக்கும் பெண் சிரித்தாள். "கருவிழி நரம்பைக் குத்தாம வெட்டாம கேமராவிலேயே பாத்துடலாம். கால் நரம்பு கெட ஆரம்பிச்சா பெரும்பாலும் இதுவும் குறையும்."

சொட்டு மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னாள். லென்ஸ் கண்ணைத் தொட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை இழைகள் தெரிந்தன. அங்கொன்று, இங்கொன்று. அதிலும் பாதி அறுந்தவை.

"இது ஒரே நாள்ல வராதுங்க. கால்ல எறும்பு ஊர்ற மாதிரி முன்னாடியே இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணன்கிட்ட சொன்னேன். உக்காந்தே ஓட்டுறே, அப்படித்தான் இருக்கும்னார். நம்ம ரத்தத்துலதான் அது இல்லையே."

தம்பி அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் பெரியவரைச் சுட்டது. அவன் வந்து சொன்ன அன்றே அந்த எறும்பு அவர் காலிலும் ஊர்ந்துகொண்டிருந்தது.

"சர்க்கரை இல்லாதவங்க கண்ணோட ஒப்பிட்டுப் பாக்குறோம். ஒரு ஆள் குறையுது. ஐயா உக்கார்றீங்களா?"

தம்பி முந்திக்கொண்டான். "எங்க அண்ணன் உடம்பு கல்லு. உக்காருங்கண்ணே!"

பெரியவர் படிவத்தை வாங்கினார். 'சர்க்கரை நோய் உண்டா?' என்ற இடத்தில், பழகிய கை 'இல்லை' என்று எழுதிவிட்டது. உட்கார்ந்தார். படம் வந்தது.

"என் படத்தையே மறுபடி போட்டுட்டீங்க" என்றான் தம்பி.

அவள் எண்ணைச் சரிபார்த்தாள். "இல்லீங்க, இது ஐயாவோடது." பெரியவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "லென்ஸ் சரியாப் படலையோ என்னவோ. இன்னொரு தடவை எடுக்கலாமா?"

தலையசைத்தால் போதும், தம்பி நம்பிவிடுவான். ஆனால் கணக்கு தப்பினால் நாடா மேல் பழி போடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்! அதோடு, அந்தப் படம் நல்ல கண் என்று பக்கத்தில் நின்றால், தம்பியின் அறுந்த இழைகள்கூட அங்கே ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

"வேண்டாம்மா. மெஷின் சரியாத்தான் இருக்கு."

பேனாவை எடுத்து 'இல்லை'யின் மேல் கோடு கிழித்தார். கோடு கோணியது.

"ஒன்பது வருஷமா இருக்கு."

தம்பி சிரிக்கக் காத்திருந்தவன் போல அவர் முகத்தையே பார்த்தான்.

"நான் வந்து சொன்னப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எறும்பு?"

"அதுவும்தான்டா."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு படங்களையும் பார்த்தபடி இருந்தான். அவன் செருப்பின் வார் கழன்று கிடந்தது. பெரியவர் குனிந்தார். யார் முன்னும் குனியாத முதுகு. பாதத்தைப் பிடித்து வாரை மாட்டிவிட்டார். உடனே கையை எடுக்க மனம் வரவில்லை.

தம்பி திரும்பவில்லை. அண்ணன் கை காலில் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.