இருபத்தைந்தில் மூன்றாவது குணசீலன்

1

இந்தக் கதை திருடியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாசரின் பிரேம் கடையில், எனக்குக் கிடைத்த ஒரு விருதுச் சான்றிதழுக்குச் சட்டம் போடக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்றவர்களிடமிருந்து எடுத்தது. (என்ன விருது என்று கேட்காதீர்கள். கொடுத்தவர்களுக்கே மறந்திருக்கும்.)

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

சுவர் என்பது ஏழையின் கண்காட்சிக்கூடம்... (வேண்டாம். எந்த ஏழையும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.)

குணசீலன் காணாமல் போன அன்று நல்ல மழை... (எங்கே காணாமல் போனான் என்றே தெரியாதபோது மழையைப் பற்றி நான் எப்படி எழுதுவது?)

படத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கந்தப்பன் சொன்னார். (இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

2

"சந்தனப் பொட்டைக் கண்ணாடிக்கு உள்ளார வெக்கோணுங்க. மேல வெச்சா இந்தப் புள்ள தொடச்சுப்போடுது."

கந்தப்பன் எருமப்பட்டிக்காரர், காடு தோட்டம் உள்ளவர். 'இந்தப் புள்ள' என்றது கூட வந்திருந்த தம்பி மனைவி பாவாயியை. படத்தில் இருந்தது தம்பி குணசீலன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். கொரோனாவுக்கு முந்தைய கோடையில் ஒருநாள் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அவன் போவதற்கு முன் அந்த வண்டி அயோத்தியாப்பட்டணத்தில் பழுதாகி நின்றது. அனுமதி கேட்காமல் ஊர்ச் சுவர்களில் படம் வரைகிற டெபோரா என்ற பெண், அங்கே ஒரு சுவரில் அவனை வரைந்தாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சுவரில் இப்போது டைல்ஸ் விளம்பரம் இருக்கிறது. ஆனால் அதே படத்தை அவள் இருபத்தைந்து பிரதிகள் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் எண்ணும் போட்டு, அச்சுத் திரையைக் கழுவிவிட்டாள். இனி ஒன்றுகூட வராது. மூன்றாவதைக் குணசீலனுக்கே கொடுத்தாள். கீழே பென்சிலில் 3/25 என்று இருக்கும். (கந்தப்பன் அதை மார்க் என்று நினைத்திருந்தார். "அவன் படிக்கறப்பவும் இவ்வளவுதானுங்க வாங்குனான்.")

ஒவ்வொரு அமாவாசைக்கும் கந்தப்பன் அந்தப் படத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பாவாயி துடைத்துவிடுவார். நம் வீடுகளில் உயிரோடு இருக்கிற மனிதரின் படத்துக்குப் பொட்டு வைப்பதில்லை அல்லவா.

3

இந்த இடத்தில் கந்தப்பனை வில்லனாக்கப் பார்த்தேன். தம்பி பங்கு நிலத்தின்மேல் அவருக்குக் கண் என்று ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். ஏனென்றால் கடையில் அவர் சொன்னது இது:

"செத்துப்போயிருந்தா எள்ளுந் தண்ணியும் எறைக்கோணுமில்லீங்க. எறைக்காம உட்டா எம்பட தம்பி தாகத்தோட திரியமாட்டானுங்களா?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கதைக்கு அது நட்டம்தான்.

பாவாயி லாசரிடம் மெதுவாகச் சொன்னார். "பொட்டு வெச்சுட்டா அவுரு திரும்பி வாரதுக்கு ஊடு இல்லாமப் போயிருங்க."

4

லாசர் சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். கந்தப்பன் கையோடு கொண்டுவந்த சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துவிட்டார். அப்போதுதான் லாசர் படத்தின் கீழோரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இருங்க. இது எங்க டெபோரா கையெழுத்தாச்சே. என் தங்கச்சி பொண்ணு. இதே படத்துல ஒண்ணைப் போன மாசம் சென்னையில ஒருத்தர் எண்பதாயிரத்துக்கு வாங்குனாருங்க. கறை படாம இருந்தாத்தான் அந்த விலை."

"இந்தக் காயிதத்துக்குங்களா?"

கந்தப்பனின் விரல் குணசீலனின் நெற்றிக்கு மேலே நின்றது. பிறகு பின்வாங்கியது. சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாயியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படீன்னா கண்ணாடியே போட வேண்டாங்க" என்றார் பாவாயி.

"தூசி படியும்மா."

"தொடைக்க நான் இருக்கறனுங்க. கண்ணாடி இருந்தாத்தான் அதும்மேல பொட்டு வெப்பாங்க. வெறுங் காயிதம்னா வெலையை நெனச்சு யாரும் கை வெக்கமாட்டாங்க."

படத்தை விற்பீர்களா என்று முந்திரிக்கொட்டை மாதிரி நான் கேட்டேன்.

"ஊட்டுக்காரரை எங்கீங்க விக்கறது?"

5

படத்தின் அர்த்தம் வேறு, சந்தை விலை வேறு என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். எண்பதாயிரம் ரூபாய் ஒரு மனிதனுக்குக் காவல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெபோராவைப் போனில் பிடித்து, விலை எதனால் ஏறியது என்று கேட்டேன்.

"எனக்கே சரியாத் தெரியலண்ணா. படத்துல இருக்கறவர் காணாமப் போயிட்டார்னு யாரோ எழுதுனாங்க. அப்புறந்தான் வந்து கேட்க ஆரம்பிச்சாங்க. யாராவது கேட்டுட்டு இருக்கற வரைக்கும்தான் அது விலை."

(அப்படியென்றால் இந்தக் கதையும் அந்தக் கணக்கில் வருமா? தெரியவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.)

6

முடிவுகள்:

அ. குணசீலன் திரும்பி வருகிறான். (எழுதுவதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பாவாயி வாசலைப் பார்த்தால்?)

ஆ. வடக்கேயிருந்து ஒரு போன் வருகிறது. "குணசீலன் வீடுங்களா, இங்க ஒரு..." (மாட்டேன்.)

இ. பாவாயி படத்தை விற்று, (அதற்குத்தான் அவரே பதில் சொல்லிவிட்டாரே.)

என் சான்றிதழ் சுவரேறி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் லாசர் கடைக்குப் போனேன். அந்தப் படத்தைக் கேட்டுச் சென்னையிலிருந்து இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லையாம். கந்தப்பன் மட்டும் சேலம் வரும்போதெல்லாம் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னும் அந்த வெலை இருக்குதுங்களா?" என்று கேட்கிறாராம். இருக்குங்க என்று லாசர் சொல்லிவருகிறார். ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர். இன்னும் எத்தனை தரம் இப்படிச் சொல்ல முடியும் என்று என்னிடம் கேட்டார். விலை போய்விட்டது என்று தெரிந்தால் கந்தப்பன் மறுபடி சந்தனத்தில் விரலைத் தோய்ப்பார். பயமாக இருந்தது.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். அடுத்த அமாவாசைக்குள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போக நேர்ந்தால் லாசர் கடையில் ஏறுங்கள். எதுவும் வாங்க வேண்டாம். மூன்றாம் எண் குணசீலன் என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். பெஞ்சில் வேட்டி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருப்பார்.