தூக்குவாளியில் ஆக்லாந்து

விமான டிக்கெட்டின் விலை, போகிறவரின் ஆசைக்குத் தக்கபடி ஏறும். திருச்சியில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெற்றவள் முகத்தைப் பார்க்கத் துடிக்கிறவனுக்கு யானை விலை சொல்வார்கள். ஆபீஸ் அனுப்பி, கொட்டாவி விட்டுக்கொண்டு போகிறவன் அடிமாட்டு விலையில் பறப்பான்.

உறையூர் செண்பகவல்லிக்கு ஆக்லாந்து போக வேண்டும். அங்கே மகள் இந்துமதிக்குப் பிரசவ நேரம். இரட்டைக் குழந்தை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். "நீ வந்தாத்தாம்மா எனக்குப் பயம் போகும்," என்று இந்துமதி தினமும் அழுதாள். செண்பகவல்லி டிராவல்ஸ் கடையின் படியேறும்போதே கடைக்காரன் முபாரக்கின் கம்ப்யூட்டர் திரையில் விலை ஏற ஆரம்பித்தது. நாற்காலியில் உட்காருவதற்குள் அது வீட்டை விற்றாலும் கட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

"ஆசைய யார்கிட்டயாவது குடுத்து வெச்சுட்டு வாங்கம்மா," என்றான் முபாரக். "எதுக்கும் ஆசைப்படாத ஆளா பாத்துக் குடுங்க."

அப்படி ஒருவர் கீழ்வீட்டிலேயே இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து. கல்யாணம் கட்டவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தால்கூட "எதுக்கு இதெல்லாம்" என்று முகத்தைச் சுளிப்பார். செண்பகவல்லி தன் ஆசையைத் தூக்குவாளியில் போட்டு மூடி, ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல அவரிடம் கொடுத்தாள்.

"சிந்தாம பாத்துக்கங்கண்ணே."

"கட்டிலுக்கு அடியில இருக்கட்டும்," என்றார் அவர்.

மறுநாள் மகள் போனில் அழுதாள். செண்பகவல்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "வந்தா வரேன், வராட்டி என்ன," என்றாள். விலை தரைக்கு வந்துவிட்டது, உடனே வாங்க என்று முபாரக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. ஆசையைக் கொடுத்து வைப்பதில் இருக்கிற ஒரே சிக்கல் இதுதான். மலிவு விலையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அந்தத் தெருவில் மட்டும் பலர்.

கீழே சவரிமுத்து இருப்புக்கொள்ளாமல் தவித்தார். பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடித்தார். பிரசவ லேகியத்துக்குச் சுக்கு இடித்தார். கண்காணாத ஊரில் அந்தப் பிள்ளை தனியாகக் கிடக்கிறதே என்று இடித்துக்கொண்டே புலம்பினார். கடைசியில் பொறுக்கமுடியாமல், ஒரு கையில் தூக்குவாளியோடு, செண்பகவல்லியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போனார். தூக்குவாளி வாசலைத் தாண்டியதும் விலை எகிறியது.

"எதிர்ப்பக்கம் போயிருங்க சார்," என்று முபாரக் கெஞ்சினான்.

அவர் சாலையைக் கடந்து கரும்புச்சாறு வண்டியருகே நின்றுகொண்டார். விலை இறங்கியது. செண்பகவல்லி மின்விசிறியைப் பார்த்தபடி, "எதுக்குத் தம்பி அவ்வளவு தூரம்? இங்க என்ன குறைச்சல்?" என்றாள். முபாரக் தலையில் கையை வைத்தான்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து விசில் கேட்டது. கூடவே, கூட்டத்தைப் பிளந்து பழகிய குரல்.

"ஆக்லாந்து! ஆக்லாந்துக்கு யாரும்மா டிக்கெட் வாங்காதது? சில்லறையா எடுங்க!"

செண்பகவல்லியின் கை தானாகப் பர்ஸைத் திறந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தபிறகு சும்மா உட்கார்ந்திருக்க நம்மில் யாருக்கு வரும்? "ஆக்லாந்து ஒண்ணு," என்று பணத்தை நீட்டினாள். டிக்கெட்டை நாலாக மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.

சாலையைக் கடந்து வந்து ஆசையைத் திரும்ப வாங்கியபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாங்கியாச்சு, வாங்கியாச்சு என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு. வழிச்சுத் தரவா?" என்றார் சவரிமுத்து.

"இருக்கட்டும்ணே. நீங்களே வெச்சுக்கங்க."

ஆக்லாந்தில் சுகப்பிரசவம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்துமதி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். இன்னொன்றைக் காணவில்லை. டாக்டர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அதற்குள் செண்பகவல்லியின் போன் அடித்தது.

"பையன் இங்க வந்துட்டாம்மா," என்றார் சவரிமுத்து. "என் கட்டிலுக்கு அடியில இருந்தான். நல்லா இருக்கான், மூக்கு உங்க மூக்கு. பால் எந்தக் கடையில வாங்குறீங்க?"

இந்துமதி அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தாள். "அவரையே தூக்கிட்டு வரச் சொல்லும்மா."

"அவருக்கு இப்ப இருக்குற ஆசைக்கு டிக்கெட் எங்கயோ போயிடுமேடி," என்றாள் செண்பகவல்லி.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "டிக்கெட் வாங்கியாச்சு. சல்லிசா முடிஞ்சுது. மடியில வெச்சுக்குற குழந்தைக்கு டிக்கெட் கிடையாதாம், அதனால அதோட ஆசைக்கும் விலை இல்லன்னு முபாரக் சொன்னான். என் ஆசையத் தூக்குவாளியில போட்டு இவன் கையில குடுத்துட்டேன்."

"அப்புறம் உங்களுக்கு எப்படிண்ணே வாங்கத் தோணுச்சு?"

"எனக்கு எங்க தோணுச்சு? இவன்தான் விசில் அடிச்சான்."

விசிலை வெந்நீரில் கழுவித்தானே கொடுத்தீர்கள் என்று செண்பகவல்லி கேட்டாள்.