பாலம் விழுந்த காலை

நாடு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட மூன்றாவது வருடம் அது. வடக்குப் படை ஆறு ஊர்களைப் பிடித்துவிட்டு ஆற்றங்கரை வரை வந்துவிட்டது. தெற்குப் படையில் வெடி வைக்கும் பிரிவின் சார்ஜன்ட்டை எல்லோரும் 'நிதானம்' என்றே கூப்பிடுவார்கள். குண்டு விழுந்தாலும் பூட்ஸ் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓடுவான்.

அவன் மனைவி நர்ஸ். பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியாக மாறிய பள்ளிக்கூடத்தில் வேலை. அவளுடைய ஒரே அண்ணன் பிரிவினையில் அக்கரையில் மாட்டிக்கொண்டு, வடக்குப் படையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவள் வாய்ப்பாடு அழியாத கரும்பலகைக்கு முன்னால், கொதிக்க வைத்த கட்டுத்துணிகளைப் பிழிந்து உலர்த்திக்கொண்டிருந்தாள். நிதானம் வாசலிலேயே நின்றான்.

"நாளைக்குக் காலைல பாலத்துக்கு நான்தான்."

"எப்போ வெடிக்கணுமாம்?"

"மூணு லாரி நடுப்பாலத்துக்கு வந்ததும்."

அவள் கை நின்றது. "அண்ணன் லாரிதானே ஓட்டுது."

"அதான் கையே வரல. வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?"

"வேற யாராவது வெடி வச்சா லாரில இருக்கிறவன் பிழைச்சுக்குவானா? அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா." ஈரத்துணியை உதறினாள். "பாலம் விழலேன்னா இங்க படுத்திருக்கிற நூத்திருபது பேரும் போயிடுவாங்க. அதனால நீங்க போய்த்தான் ஆகணும். ஆனா கோபத்தோட போகாதீங்க. எல்லா உயிருக்குள்ளயும் இருக்கிற சாமி அந்தக் கரையில மட்டும் இல்லாமலா போயிடும்?"

"சாமி இருக்குன்னா எப்படிடி வெடிப்பெட்டியை அழுத்துறது?"

"அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது கட்டுப் போடுறதுதான். முதல்ல சாப்பிட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும், ஆற்று நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "நாராயணா" என்றான். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கேப்டன் பக்கத்தில் குப்புறப் படுத்தான். வெடிப்பெட்டியின் கைப்பிடி அவன் உள்ளங்கையில் குளிர்ந்திருந்தது.

அக்கரையில் முதல் லாரி தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம், யாரென்று தெரியவில்லை. தெரியாத அந்த முகத்தின் மேல் அவனுக்குத் திடீரென்று ஒரு பாசம் பொங்கியது. தன் வேலை பாலத்தை உடைப்பதோடு முடிகிறது என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது.

"இரு, இரு, உள்ளே வரட்டும்" என்று கேப்டன் முணுமுணுத்தார்.

நிதானம் அழுத்தினான்.

நடுத்தூண்கள் இரண்டும் மடங்கி ஆற்றில் உட்கார்ந்தன. புழுதி அடங்கியபோது, முதல் லாரி பாலத்தின் முனையில், சக்கரம் பாலப் பலகையைத் தொடாமல் நின்றிருந்தது.

கேப்டன் அவன் காலரைப் பிடித்தார். "யாரைக் கேட்டுடா அழுத்தினே? படை முழுசா நிக்குதேடா!"

"அந்தக் கரையில நிக்குது சார்."

பதவிப் பட்டையை அறுத்துவிட்டு, அவனைச் சரக்கு அறையில் பூட்டினார்கள். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகியது. அக்கரையில் ரொட்டி தீர்ந்து, ஒன்பதாம் நாள் படை பின்வாங்கியது. போரின் போக்கு அங்கே திரும்பியது. ஐந்து மாதத்தில் சமாதானம் வந்தது. அவனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அழுத்துறப்ப எனக்கு எதிரின்னு ஒருத்தருமே இல்லை" என்று மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் அவன் தலையைக் கோதினாள்.

ஒரு மாலை அண்ணன் படகில் வந்து இறங்கினார்.

"மூணு வருஷத்துல ஒரு வரி எழுத முடியலையா?" என்று தங்கை அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

நிதானம் தயங்கியபடி கேட்டான்: "மச்சான், அன்னைக்குப் பாலத்துல நீங்க..."

"நான் எங்கே மாப்பிள்ளை? காய்ச்சல்ல சுருண்டு கிடந்தேன். என் லாரியை வேற ஒருத்தன் எடுத்துட்டு வந்தான். முதல் லாரியே அவனுதுதான்." அண்ணன் சிரித்தார். "போன வாரம் அவன் கல்யாணத்துல சாப்பிட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன்."

நிதானம் படித்துறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பொண்ணு எப்படி மச்சான்?" என்று கேட்டான்.

"அவனை விட உயரம்" என்று சொல்லி, மச்சானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.