கைப்பட எழுதிய ஒரே கடிதம்

ஐந்து முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய அவருடைய காகிதங்களை, இருபத்தெட்டு வருஷம் அவரிடம் டைப் அடித்தவள் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மனுஷன் கையெழுத்துப் போடுவதற்குத் தவிர பேனாவைத் தொடமாட்டார். கல்யாண வாழ்த்துகூட அவள் அடித்ததுதான்.

கடைசிப் பெட்டியின் அடியில் அவர் கைப்பட எழுதிய கடிதத்தின் கார்பன் நகல் ஒன்று கிடந்தது. சட்டமன்றச் செயலகத்தில் அவள் அதிகாரி வேலைக்கு மனுப் போட்ட வருஷத்துத் தேதி.

"தயவுசெய்து இந்த அம்மாவை எடுக்காதீர்கள். இவர் போனால் என் அலுவலகம் படுத்துவிடும்."

அந்த வேலை கிடைக்காதபோது அவள் அழுதாள். "விடும்மா, நமக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று தேற்றியவரும் இதே படுபாவிதான். அதற்கு நன்றி வேறு சொல்லித் தொலைத்திருந்தாள்.

அவருடைய மகள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, கண்ணாடிப் பெட்டியில வைக்க அப்பா கையால எழுதினது ஏதாவது வேணுமாம். ஒண்ணுமே கிடைக்கலையே?"

"ஒண்ணு இருக்கு" என்று அதை நீட்டினாள். "நல்லா நடுவுல வைக்கச் சொல்லு."