செல்லாத சாட்சி

அன்ஷெலை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் ஆசாரமான யூதர்கள் வாழும் ப்னேய் பிராக்கில் எங்கள் கல்யாண மண்டபத்து அடுக்களையில் நான் தலைமைச் சமையல்காரன், அவன் பாத்திரம் கழுவுகிறவன். பெரியவர் ரெப் கெட்செலின் மகன். பதினெட்டு வயதில் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறியவன். கடவுள் இல்லை என்று முடிவு செய்துவிட்டானாம். செய்துகொள்ளட்டும், எனக்கென்ன? ஆனால் அதை மறைக்கவாவது தெரிய வேண்டாமா? நெருப்பையே தொடக் கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளில் சிகரெட் பிடித்தாயா என்று யாராவது வம்புக்குக் கேட்டால், பிடித்தேன் என்பான். இல்லை என்று சொன்னால் வாயா வெந்துவிடும்?

அன்று அவன் தங்கை ஹிண்டெலுக்கு எங்கள் மண்டபத்தில்தான் கல்யாணம். அவனுக்கு அழைப்பில்லை. போன வாரம் அவன் அம்மா பின்வாசலுக்கு வந்து பேசியதை நானே கேட்டேன்.

"குல்லா போட்டுக்கிட்டு வந்தா ஆம்பளைங்க பக்கம் ஒரு ஓரமா நிக்கலாம்னு அப்பா சொல்றாருடா."

"அது நடிப்பும்மா. வேண்டாம்."

"உன் பிடிவாதத்துல மண்ணு விழ. சரி, அடுக்களையிலயே இரு. தம்பதி சாப்பிட்டு முடிச்சதும் அவளைப் பின்பக்க நடை வழியா கூட்டிட்டு வரேன். அஞ்சு நிமிஷம் பேசிக்கோ."

ஆறு வருஷம் கழித்து ஐந்து நிமிஷம். அதற்காக அவன் சட்டையை இஸ்திரி போட்டு, ஏப்ரனுக்கு உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்தான். மத்தியானத்திலிருந்து கையில் தட்டு நிற்கவில்லை, இரண்டை உடைத்தான்.

இனி என் பங்கு. இறைச்சியில் பால் சேர்ந்தால் எங்களுக்கு அந்தப் பண்டம் மட்டுமல்ல, பாத்திரமும் தீட்டு. அதனால் கோழிக்கு ஊற்றும் காளான் குழம்பில் சோயா கிரீம்தான் சேர்ப்போம். பக்கத்துக் கூடத்தில் காலையில் யாரோ இறைச்சி இல்லாமல் பால் பண்டங்களால் விருந்து வைத்திருக்கிறார்கள். அதில் மிஞ்சிய பால் கிரீம் பெட்டிகளை எந்தச் சோம்பேறியோ எங்கள் குளிர்பெட்டியில் திணித்திருந்தான். சோயாவுக்குப் பச்சைக் கோடு, பாலுக்கு நீலக் கோடு. நான் என் மூத்த மகளின் வரன் விஷயமாகத் தரகனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே பத்துப் பெட்டியையும் உடைத்துக் கோழியில் ஊற்றினேன். ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து அனுமதிக்க வேண்டியவர் மதவிதிப்படி சமைக்கிறோமா என்று பார்க்கும் கோஷர் கண்காணிப்பாளர் ரெப் சுன்டெல். அவர் நாற்காலியில் ஜெபப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டு, எழுந்து தாளில் கையெழுத்துப் போட்டார்.

குப்பைக்காகப் பெட்டிகளை நசுக்கும்போது அன்ஷெல்தான் பார்த்தான். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"லிப்பா அண்ணே, இது பாலு."

கோழி கொதித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"உனக்கென்னடா போச்சு? நீ பன்னியே திங்கறவன்."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. அவங்களுக்கு இருக்கே. நம்பி உக்காந்திருக்காங்க."

"நானூறு பேருக்கு வேற என்னத்த வெக்கிறது?"

"மீன் இருக்கு, ரொட்டி இருக்கு. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. யார் ஊத்தினாங்கன்னு என் வாயிலேர்ந்து வராது. இது சத்தியமான வார்த்தை."

நான் போகவில்லை. கிளறிக்கொண்டே இருந்தேன். எனக்கு எட்டுப் பிள்ளைகள். இறைச்சியில் பால் கலந்த லிப்பா என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் வேலையும் போகும், என் மகளின் வரனும் போகும். கால் மணி நேரம் எனக்காகக் காத்திருந்துவிட்டு அவனே சுன்டெலிடம் போனான்.

சுன்டெல் பெட்டிகளைப் பார்த்தார். தன் கையெழுத்துத் தாளைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவன் தொலைந்தான் என்று.

"இதை உள்ள கொண்டுவந்தது நீதான?"

அவன் அப்பா ரெப் கெட்செலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பட்டு அங்கியில் வியர்க்க விறுவிறுக்க வந்தார். மாப்பிள்ளை வீடு பெரிய ரப்பிமார், மதகுருமார் பரம்பரை. அதன் பயம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"லிப்பா, நீ சொல்லுப்பா. என்ன ஊத்தின?"

"சோயா ஐயா. பச்சைக் கோடு. நான் பாத்துதான் உடைச்சேன்."

அன்ஷெல் என்னை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப பாலை ஊத்தினது யாருடா?" என்று அவனைக் கேட்டார் அப்பா.

"சொல்ல மாட்டேன்ப்பா. நான் ஊத்தலை. ஆனா அதுல பாலு இருக்கு."

"தங்கச்சி கல்யாணத்தைக் கெடுக்கத்தான் இங்க வந்து வேலைக்குச் சேந்திருக்கான்," என்றார் சுன்டெல். "ஓய்வுநாளை மீறுறவன் சாட்சி நம்ம சட்டத்துல செல்லாது. இவன் பேச்சைக் கேட்டு விருந்தை நிறுத்தணும்னு அவசியமே இல்ல."

ரெப் கெட்செல் மகன் அருகில் போனார். குரல் இறங்கிவிட்டது.

"இந்த வாரத்துலேர்ந்து ஓய்வுநாளைக் காப்பேன்னு இவர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுடா. திருந்தினவன் சாட்சி செல்லும். இப்பவே அண்டாவைக் கவுத்துடறேன். நீ என்கூட கூடத்துக்கு வா, தங்கச்சிய ஆசீர்வாதம் பண்ணு."

சொல்லித் தொலையேன்டா என்று எனக்கே கத்தத் தோன்றியது. சொல்லியிருந்தால் நானூறு பேருக்குத் தீட்டை ஊட்டும் பாவத்திலிருந்து நானும் தப்பியிருப்பேன்.

"அது பொய்ப்பா," என்றான். "நிஜத்தைச் சொல்லத்தான் வந்தேன். அதை நீங்க நம்பறதுக்கு நான் பொய் சொல்லணுமா?"

அப்பா அறைந்தார். மூக்குக் கண்ணாடி தெறித்து என் அடுப்புக்கடியில் விழுந்தது. அதை எடுத்துத் தர நான் குனியவில்லை. "வெளிய போ" என்றார். அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்து, தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான். இஸ்திரி போட்ட சட்டை நனையாமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில், கல்யாணம் முடிந்ததற்கு அடையாளமாக மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்கும் சத்தமும் வாழ்த்தும் கேட்டன. தம்பதிக்குத் தனி அறையில் முதல் தட்டு போக வேண்டும். காலையிலிருந்து விரதம் இருக்கிற பிள்ளைகள். நான்தான் பரிமாறி அனுப்பினேன், குழம்பைத் தாராளமாக ஊற்றி. ஹிண்டெலின் தட்டு ரொட்டியால் துடைத்தெடுத்ததுபோலத் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்ல பசி.

பிறகு அம்மா அவளைப் பின்பக்க நடைக்குக் கூட்டி வந்தாள். வெள்ளை உடுப்பைத் தரையில் படாமல் இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அன்ஷெல் எங்கப்பா?" என்று கேட்டாள் அம்மா.

"போயிட்டான்மா," என்றேன்.

"போயிட்டானா? அஞ்சு நிமிஷம் இருக்க முடியலையா அவனுக்கு?"

"வாம்மா, விடு," என்றாள் ஹிண்டெல். "அவனுக்கு எப்பவும் அவன்தான் முக்கியம்."

இரண்டாவது தடவை நிஜத்தை விழுங்குவது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

விருந்து நடந்தது. நானூறு பேரும் சாப்பிட்டார்கள், குழம்பு பிரமாதம் என்று ஆள் மேல் ஆள் வந்து சொன்னார்கள். சுன்டெல் மூலையில் வெறும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றார். நானும் அதைத்தான் தின்றேன். ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கழுவ ஆளில்லாததால் எச்சில் தட்டுகளை நானே வழித்தேன். தலைமை மேசைத் தட்டுகளைப் பரிமாறுகிறவன் அடுக்கிக் கொண்டுவந்தான். எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் கோழி வைத்தது வைத்தபடி கிடந்தது, குழம்பில் ஆடை படிந்திருந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டேன்.

"பொண்ணோட அப்பாது. உடம்பு சரியில்லையோ என்னவோ, தொடவே இல்லண்ணே. ஆனா வந்தவங்களை எல்லாம் சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு உபசாரம் பண்ணிட்டே இருந்தார்."