முக்கால் சுற்று

நெஸ்டர் எனக்குச் சகலை. என் மனைவி இமெல்டாவின் தங்கை நோயெமியைக் கட்டியவன். அவன் மேல் எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்களைப் பழுது பார்த்தே பத்தொன்பது வருஷம் ஓட்டியவன் நான். அவன் இரண்டு வருஷத்துக்கு முன்புவரை வீடு வீடாகப் போய்க் கார்ப்பெட் ஒட்டிக்கொண்டிருந்தவன். எங்கள் முதலாளி வாண்டாவிடம் வேலைக்குச் சேர்ந்து, குளத்தில் இலை அள்ளும் வலையோடு ஒரு வருஷம் அலைந்தான். பிறகு ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்து ஹீட்டரில் கை வைத்துவிட்டான்.

கை வைத்தால் வைக்கட்டும். அந்த நாடகம்தான் எனக்குப் பொறுக்காது. வேலை முடிந்ததும் ஹீட்டரை ஈரத்துணியால் துடைப்பான். கழற்றிய பழைய காற்று ஃபில்டரைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்காரர்களிடம் நீட்டுவான். "இவ்வளவு மணலையும் உங்க ஹீட்டர் மூச்சு விட முடியாம இழுத்துட்டு இருந்துச்சும்மா" என்பான். கிழவிகள் உருகிப் போவார்கள். என் மாமியாரும் அந்த ரகம்தான். அவர் வீட்டு ஏசியில் ஏதோ ஒயரைச் சொருகிவிட்டு வந்தான், அன்றிலிருந்து "நெஸ்டர் கை பட்டாலே ஓடுது" என்று பாட்டு. பதினோரு வருஷமாக அந்த ஏசியை ஓட வைத்தது யார்?

அதையும் பொறுத்திருப்பேன். ஹால்வர்சன் அம்மாளின் வீட்டை எடுத்துக்கொண்டானே, அதுதான் ஆறவில்லை.

வாண்டா என்னைத் தனியாக அனுப்பிய முதல் வீடு அது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு அந்த அம்மாள் தினமும் காலையில் வெந்நீர்க் குளத்தில் இறங்கி நடந்து பழகியது என் ஹீட்டரை நம்பித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், காபி கொடுப்பார், மினசோட்டாவில் இருக்கும் மகளைத் திட்டுவார். அக்டோபரில் நான் பித்தப்பையை எடுத்துவிட்டு மூன்று வாரம் படுத்திருந்தேன். திரும்பி வந்தால், "ஹால்வர்சன் வீட்டுக்கு இனிமே நெஸ்டர் போகட்டும் எலிசியோ. அந்தச் சுத்தமான பையனையே அனுப்புங்கன்னு கேட்டாங்க" என்றாள் வாண்டா. சுத்தமான பையன்! அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. அன்று வீட்டுக்குப் போய் என் சட்டைக் காலரை நானே பார்த்துக்கொண்டேன்.

தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளன்று காலை பத்தரைக்கு, மாமியார் வீட்டில் சோள மாவுத் தமாலே வேகும் வாசனைக்கு நடுவில், என் போன் அடித்தது. நெஸ்டர்.

"சகலை, ஹால்வர்சன் வீட்ல நிக்கறேன். ஹீட்டர் பிடிக்குது, ஒரு நிமிஷம் ஊளையிடுது, அணைஞ்சிடுது. நேத்துதான் வருஷ சர்வீஸ் பண்ணினேன்."

"என்ன பண்ணினே?"

"எல்லாம் கழட்டித் துடைச்சேன். புது ஃபில்டர் போட்டேன்."

புது ஃபில்டர் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்த ஹீட்டரில் ஒரு விசிறி, ஃபில்டர் வழியாக வெளிக்காற்றை இழுக்கும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் வால்வு கேஸ் விடும். ஃபில்டரில் மணல் அடைத்தால் காற்று குறைந்து, இழுப்பு கூடி, கேஸ் மிஞ்சும், தீ மஞ்சளாகிக் கரி கக்கும். அப்போது செய்ய வேண்டியது ஃபில்டரை மாற்றுவது, அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், மலைக் கணவாய் வழியாக மணல் காற்று நாலு நாள் அடித்தது. ஊரில் அத்தனை ஹீட்டரும் அடைத்துக்கொண்டன. என் வண்டியில் ஒரு ஃபில்டர்கூட மிச்சமில்லை. ஹால்வர்சன் அம்மாளோ துண்டைப் போர்த்திக்கொண்டு குளத்தருகே காத்திருந்தார்.

வால்வில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து, மேலே சிவப்புப் பூச்சு வைத்து மூடி அனுப்புவார்கள். அதைத் தொடாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். தொடாதவன் எங்களில் ஒருவனும் கிடையாது. நானும் பூச்சை உடைத்து, திருகாணியைத் திருப்பிக் கேஸைக் குறைத்தேன். அடைத்த ஃபில்டருக்கு ஏற்ற தீ, நீல நிறத்தில் அழகாக எரிந்தது. அடுத்த வாரம் ஃபில்டரை மாற்றித் திருகாணியைப் பழையபடி வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஃபில்டரைத் தரையில் நாலு தட்டுத் தட்டி மறுபடி அதையே மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது நெஸ்டர் புதுசு போட்டிருக்கிறான். காற்று நிறைய வருகிறது, கேஸ் போதவில்லை. தீ நிற்காது.

"வாண்டா பேசினாங்க" என்றான் போனில். குரல் இறங்கியிருந்தது. "மத்தியானத்துக்குள்ள எரியலைன்னா திங்கக்கிழமைலருந்து நான் திரும்ப வலையைத் தூக்க வேண்டியதுதானாம்."

"வர்றேன்" என்றேன். வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தத் திருகாணியைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நிமிஷத்தில் சரிசெய்து அவன் மூக்கை உடைத்துவிட்டு, ஹால்வர்சன் வீட்டு வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கேயும் இதைச் சொல்லலாம்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் அவன் மண்டியிட்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது. குளத்தின் மறுபக்கம் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் நீச்சல் உடையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹால்வர்சன் அம்மாள் கைத்தடியோடு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சகலை" என்று எழுந்தான். "சாப்பாட்டு நாள்ல இழுத்துட்டேன், மன்னிச்சிக்குங்க."

"பரவாயில்ல. எட்டாம் நம்பர் ரென்ச் என் வண்டியில இருக்கும். அடியில எங்கயாவது கிடக்கும், நல்லாத் தேடி எடுத்துட்டு வா."

ரென்ச் என் பாக்கெட்டில் இருந்தது. அவன் போனான். கேஸ் அழுத்தம் அளக்கும் மேனோமீட்டரின் குழாயை வால்வில் சொருகி, ஹீட்டரைப் போட்டேன். தீ பிடித்து ஊளையிட்டது. திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பக்கம் திருப்பினேன். ஊளை அடங்கியது, தீ ஒரே சீராக நின்றது. மேனோமீட்டரில் அளவும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. மூடியைப் போட்டு முறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால், நெஸ்டர் என் வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வண்டிக் கதவை அவன் திறக்கவே இல்லை.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து தீயைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"எத்தனை சுத்து, சகலை?"

அவன் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தான்.

"முக்கால்" என்றேன்.

"நானும் அவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சேன். காலைல வந்ததும் பார்த்துட்டேன், பூச்சு உடைஞ்சிருந்துச்சு."

"அப்ப நீயே திருப்பியிருக்க வேண்டியதுதானே?"

"திருப்பினா, ஏன் திருப்பினேன்னு வாண்டாகிட்ட எழுதிக் கொடுக்கணும். இந்த வீட்டுக்கு எனக்கு முன்னாடி வந்தது நீங்க மட்டும்தான். அதான் நீங்களே வந்து வச்சிடட்டும்னு கூப்பிட்டேன். அவங்ககிட்ட நான் ஏதோ குழாயை மாத்திச் சொருகிட்டேன்னு சொல்லிட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வலையைத் தூக்கத் தயாராக இருந்திருக்கிறான், எனக்காக. யார் கேட்டது அவனை?

அதற்குள் ஹால்வர்சன் அம்மாள் ஒரு கையில் தடியும் மறுகையில் விருந்துக்குச் சுட்ட பூசணிக்காய்க் கேக்குமாக வந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் தண்ணீரில் காலை விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எலிசியோ! நீ வந்தாத்தான் இது சொன்ன பேச்சைக் கேக்குது. இனிமே நீதான் வரணும், வாண்டாகிட்ட நானே சொல்லிடறேன். தப்பா நினைச்சுக்காதே நெஸ்டர். நீ நல்ல பையன்தான், ஆனா அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஒரு மாதமாக நான் படுக்கையில் புரண்டு புரண்டு கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இதுதான். நெஸ்டர் தலையை ஆட்டிச் சிரித்தான். பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு கேக்கை வாங்கியிருப்பேன். அது பொய்ச் சிரிப்பு இல்லை.

பாவ புண்ணியம் பார்த்து நான் பேசவில்லை. அவன் என்னைவிட நல்லவனாக இருந்துவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "மூணு வருஷம் முன்னாடி தொடக்கூடாத திருகாணியை நான் தொட்டேன். அப்புறம் ஃபில்டரை மாத்தவே இல்ல. இவன் வேலையை ஒழுங்காப் பண்ணினான், அதனாலதான் தீ அணைஞ்சுச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருஷமா அழுக்குக் காத்துலயா எரிஞ்சுச்சு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். என்னிடம் நீட்டியிருந்த கையை அப்படியே திருப்பிக் கேக்கை நெஸ்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அங்கே நின்றபடியே வாண்டாவுக்கும் போன் செய்து சொன்னேன். விடுமுறை நாளில் கத்தக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, குரலை உயர்த்தவில்லை.

"திங்கக்கிழமை வந்து வலையை எடுத்துக்கோ எலிசியோ" என்றாள். "ஜனவரி வரைக்கும். ஹீட்டர் எல்லாம் நெஸ்டர் பார்ப்பான்."

போனைப் பாக்கெட்டில் வைத்தேன். நெஸ்டருக்குக் கேட்டிருக்க வேண்டும். என் வண்டியின் பின்கதவை இறக்கி, அதில் கேக்கை வைத்து, பேனாக்கத்தியைத் துடைத்து இரண்டாக வெட்டினான். வேண்டுமென்றே கோணலாக வெட்டி, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான்.

அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பசித்தது, தின்றேன்.